பத்தொன்பதாவது கேள்வி

1. ஸ்டோர் ரூம்

எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் முருகேசன் ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் டேபிளுக்குத் திரும்பவில்லை. இருபது நிமிஷம் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் பழனிசாமி தேடிப் போனார். ஸ்டோர் ரூமில் துணி ரோல்களுக்குப் பின்னால் மாஸ்டர் கிடந்தார். மூச்சு இருந்தது. கம்பெனி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ளப் பார்த்ததாக மறுநாள் அவர் வாயாலேயே சொன்னார். எப்படி என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது யாருக்கும் தேவையும் இல்லை.

நான் சரஸ்வதி. திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கைமடியாகச் சேர்ந்தேன். அதாவது டெய்லர் தைத்துத் தள்ளும் பீஸை வாங்கி மடித்துக் கொடுக்கும் வேலை. பிறகு செக்கிங், பிறகு க்யூ.சி. இன்சார்ஜ். என் டேபிளைத் தாண்டி ஓட்டைப் பீஸ் ஒன்று போய்விட்டது என்று சரக்கு வாங்கும் எந்த பையரும் மெயில் போட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. கடைசி ஆறு வருஷம் என்னை எச்.ஆர். சீட்டில் உட்கார வைத்தார்கள். படித்துவிட்டு வந்த எச்.ஆர்.கள் மூன்று மாதத்துக்கு ஒருவராக ஓடிப்போனதால், ஓடாத ஆள் வேண்டும் என்று முதலாளி என்னைப் பிடித்துப் போட்டார்.

அந்த செவ்வாய்க்கிழமை நான் அந்த சீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். வயதில் என்னைவிடச் சின்னவர். அவர் அப்பா காலத்திலிருந்தே நான் இருப்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஏனுங்க சரசக்கா, மாஸ்டரோட அப்பாவும் இப்பிடித்தான் போனாராமா. தெரியுமுங்களா?"

"இப்பத்தானுங்க கேள்விப்படறேன்."

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க? நூல் எறக்கறப்ப லாட்டு லாட்டா டெஸ்ட் பண்ணித்தானுங்க எறக்கறோம். ஆள் சேக்கறப்ப மட்டும் கண்ண மூடிட்டுச் சேத்திக்கறோம். இனிமே முன்னாலயே கேட்டு எழுதி வெச்சுக்கோணும்."

"அதுக்கென்னுங்க, வேலைக்குச் சேர்ற பாரத்துல ஒரு கேள்வி சேத்தீட்டாப் போச்சு" என்றேன்.

மாஸ்டர் அதற்கு முந்தின இருபத்திரண்டு நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருக்கவில்லை. அவர் மனைவி ஆபரேஷன் முடிந்து ஊரில் தாய் வீட்டில் படுத்திருந்தார். பார்த்துவிட்டு வர இரண்டு தடவை லீவு கேட்டிருந்தார். இரண்டு லெட்டரிலும் 'ஷிப்மென்ட் முடிந்த பின்' என்று எழுதியிருந்தது. எழுதியவள் நான். முதலாளி அறையில் நின்றிருந்தபோது இது எனக்கு ஞாபகமே வரவில்லை. அப்பா தற்கொலை செய்துகொண்டவர் என்ற ஒரே வார்த்தையில் எங்கள் இரண்டு பேருக்கும் மனசு நிம்மதியாகிவிட்டது. கோளாறு நூலிலேயே இருக்கிறது, தைத்தவன் மேல் பழி இல்லை என்கிற நிம்மதி.

2. சிவப்பு அம்பு

எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேரும் பாரத்தில் அதுவரை பதினெட்டுக் கேள்விகள் இருந்தன. பேர், ஊர், ரத்த வகை, பழைய கம்பெனி என்று. பத்தொன்பதாவதை நானே எழுதினேன். 'உங்கள் ரத்த உறவில் யாருக்காவது மனநோய் அல்லது தற்கொலை உண்டா? உண்டென்றால் யார்?' புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் வைத்திருந்தாலும் பரவாயில்லை. இருக்கிற எல்லோரிடமும் மறுபடி பாரம் எழுதி வாங்கினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

முந்நூறு பேருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். பதினோரு பேர் 'உண்டு' என்று எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் எல்லோர் குடும்பமும் அவ்வளவு சௌக்கியமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பொய் எழுதியவன் தப்பித்தான், உண்மை எழுதியவர் மட்டும் என் கையில் சிக்கினார்.

செக்கிங் டேபிளில் சின்னதாக சிவப்பு அம்பு ஸ்டிக்கர் வைத்திருப்போம். பீஸில் எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால் அந்த இடத்தைக் காட்டி அம்பை ஒட்டுவோம். அடுத்த கை அதைப் பார்த்துச் சரி செய்யும், முடியாவிட்டால் ரிஜெக்ட் பெட்டியில் போடும். இருபது வருஷப் பழக்கம். என் கை தானாகப் போய் அந்தப் பதினோரு பைலிலும் ஆளுக்கொரு சிவப்பு அம்பை ஒட்டியது. யாரையும் வேலையை விட்டு அனுப்பும் எண்ணம் இல்லை. பார்த்து நடத்த வேண்டியவர்கள் என்று அடையாளம், அவ்வளவுதான். பாரத்தில் அக்கறை, பைலில் அம்பு. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பதினோரு பேரில் ஒருத்தி எஸ்தர். தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம். இருபத்தாறு வயது. அருள்புரத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் தன் ஊர்ப் பெண் ஒருத்தியோடு தங்கியிருந்தாள். எங்கள் சாம்பிள் டெய்லர். பையருக்கு முதலில் அனுப்பும் மாதிரிப் பீஸைத் தைப்பவள். அவள் காலர் வைத்தால் நான் உள்பக்கம் திருப்பிப் பார்க்க மாட்டேன். என்னிடம் அந்த மரியாதை வாங்கிய டெய்லர்கள் மொத்தம் மூன்று பேர்.

பத்தொன்பதாவது கேள்விக்கு அவள் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். 'அம்மா, மனச்சோர்வு. இப்போது சுகம். அம்மாவின் அண்ணன், தற்கொலை.'

இரண்டாவது வாரமே பழனிசாமி அவளைச் சாம்பிளிலிருந்து எடுத்து லேபிள் வைக்கும் லைனில் போட்டார். என்ன என்று கேட்டேன்.

"சாம்பிள்ன்னா டென்சன் வேலைங்கக்கா. நீங்கதான அம்பு ஒட்டியிருக்கறீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா ஆருங்க பதில் சொல்றது?"

நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கு மதியம் எஸ்தர் என் சீட்டுக்கு வந்தாள்.

"என்னத்தக்கா தப்பு செஞ்சேன்? பையர் எதும் கம்ப்ளைன்ட் பண்ணுனாரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. உன் நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்கா லேபிள் தைக்கச் சொல்லுதீங்க?"

நான் பைலை மூடினேன். மூடின பைலின் மேலேயே அம்பு இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் போனாள். செக்கிங்கில் சிவப்பு அம்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

3. பல்லடத்திலிருந்து ஒரு போன்

எச்.ஆர். சீட்டில் உட்காரும் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு வேலை திருப்பூரில் உண்டு. கல்யாண விசாரிப்பு. பெண்ணோ பையனோ கம்பெனியில் வேலை செய்தால், வரன் பார்ப்பவர்கள் கம்பெனிக்குப் போன் போட்டு விடுவார்கள். ஒழுங்காக வேலைக்கு வருகிறதா, குணம் எப்படி, யாரோடாவது பழக்கமா. எல்லாம் கேட்பார்கள். நாங்களும் பெரிய மனுஷர்கள் மாதிரிச் சொல்லுவோம். என் ஒரு வார்த்தையில் நடந்த கல்யாணங்கள் பத்துக்குக் குறையாது. அதிலும் எனக்குப் பெருமைதான்.

ஒரு புதன்கிழமை காலை பல்லடத்திலிருந்து ஒரு பெண் பேசினார். எஸ்தரைப் பார்த்திருக்கும் பையனுடைய பெரியம்மா. அவர்களும் தெற்கத்திக்காரர்கள், இங்கே வந்து பதினைந்து வருஷமாகிறதாம்.

"புள்ள நல்ல புள்ளதான்னு சொல்லுதாங்க. உங்க வாயால ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு தான் போட்டேன்."

"தங்கமான பொண்ணுங்க. வேலையில சுத்தம்."

"குடும்பத்துல வேற எதும் சீக்கு கீக்கு உண்டாம்மா? நமக்கும் பயமா இருக்கும்லா."

பைலை எடுத்து முன்னால் வைத்திருந்தேன். அம்பு என்னைப் பார்த்தது. தெரிந்தே மறைத்தால் நாளைக்கு அந்தப் பையனுக்கு நான் துரோகம் செய்தவளாவேன் என்று நினைத்தேன். ஓட்டை இருக்கிறது என்று தெரிந்து பீஸை பாஸ் செய்ததில்லை என்கிற அந்தப் பழைய திமிர்தான் பேசியது.

"அவங்கம்மாவுக்குக் கொஞ்ச நாள் மனசு செரியில்லாம இருந்துச்சுங்களாமா. மாமன் ஒருத்தரு தற்கொலைங்க. மத்தபடி ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க."

பெரியம்மா "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

கிறிஸ்தவர்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மணமக்கள் பேரை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று சொல்வார்கள். அந்தப் புதனுக்கு முந்தின ஞாயிறு எஸ்தருக்கு முதல் ஓலை வாசித்தாகிவிட்டது என்பது எனக்குத் தெரியாது. ஊரிலிருந்த அவள் அம்மா அடுத்த ஞாயிறும் நல்ல சேலை கட்டிக்கொண்டு சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மற்ற ஜோடிகளின் பேரை வாசித்தார்கள். எஸ்தர் பேரை வாசிக்கவில்லை. ஊரே திரும்பி அந்த அம்மாவைப் பார்த்திருக்கிறது. 'குடும்ப விஷயம் எங்களுக்குத் தெரிய வந்தது' என்று மட்டும் மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். ஊரில் யாரோ வத்தி வைத்துவிட்டார்கள் என்று எஸ்தர் வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கேண்டீனில் இந்தச் செய்தி என் காதுக்கு வந்தபோது கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன், அது எஸ்தரைப் பற்றிய பயம் இல்லை. என் பேரைப் பற்றியது.

4. அருள்புரம்

பிறகு மூன்று வாரம் எஸ்தர் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் லேபிள் தலைகீழாக வந்தது. ஒரே பண்டலில் பதினெட்டுப் பீஸ். அவள் கையா இது என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை. மிஷின் லைட் எரிந்துகொண்டிருக்கும், கால் பெடலில் இருக்கும், அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போவாள். உடம்பு பாதியாகிவிட்டது. கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று தினமும் நினைப்பேன். கூப்பிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டி வருமே என்று தினமும் தள்ளிப் போட்டேன்.

ஒரு வியாழக்கிழமை எஸ்தர் வரவில்லை. பத்து மணிக்கு அவளோடு தங்கியிருக்கும் பெண் என் சீட்டுக்கு வந்து நின்றாள். கையில் எஸ்தரின் செல்போன்.

"அக்கா, காலையில நான் கெளம்பறப்ப இதை எங்கிட்ட குடுத்து, ஊருக்குப் போறப்ப எங்கம்மாட்ட சேத்துருன்னு சொன்னா. பஸ்ல வரும்போதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. நான் எப்ப ஊருக்குப் போறேன்? அவளே குடுக்கலாம்லா?"

வேன் லோடுக்குப் போயிருந்தது. பழனிசாமியின் பைக்கில் ஏறினேன். பல்லடம் ரோட்டில் முன்னால் இரண்டு பிரைவேட் பஸ்கள் போட்டி போட்டுக்கொண்டு ரோட்டை அடைத்துக்கொண்டு போயின. ஹாரன் அடித்துக்கொண்டே பழனிசாமி அவர்களைத் திட்டித் தீர்த்தார். கடவுள் பேரைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அம்பு ஒட்டிய கை, போன் பேசிய வாய், இரண்டும் என்னுடையது என்பது மட்டும் தெரிந்தது.

லைன் வீட்டில் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன். பதில் இல்லை.

"எஸ்தரு, நான் சரசக்கா வந்திருக்கேன் சாமி. தொறந்துடு."

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கூடினார்கள். பழனிசாமி கதவை இடிக்கத் தோளைக் கொடுத்தார். அப்போதுதான் உள்ளே தாழ் நகரும் சத்தம் கேட்டது.

எஸ்தர் நின்றாள். தலை வாரியிருந்தாள். அறை கழுவிவிட்டது போல இருந்தது. துணிகளை மடித்துப் பையில் வைத்து, பையின் மேல் அம்மாவின் பேரை எழுதி ஒட்டியிருந்தாள். கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே போய் அவளைத் தரையில் உட்கார வைத்து நானும் உட்கார்ந்தேன். பழனிசாமி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார்.

"கண்ணு, செத்துப் போயரலாம்னு தோணுதா?" என்று கேட்டேன்.

"அக்கா, அதைப் போயி கேக்கறீங்களே" என்று வாசலிலிருந்து பழனிசாமி பதறினார். ஆனால் கட்டிங் மாஸ்டர் பிழைத்து வந்தபோது என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். 'யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் சரசம்மா, யாருமே கேட்கவில்லை' என்று. அதனால் கேட்டேன்.

"காலையில இருந்து அதுதாங்க்கா மனசுல ஓடுது" என்றாள். அழவில்லை. யார் கதையையோ சொல்வது போலச் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"எங்கூட வா. டாக்டரைப் பாக்கலாம்."

"வரல்லக்கா. டாக்டர்ட்ட போய் என்னத்துக்கு? ரத்தத்துல இருக்குறதுக்கு மருந்து உண்டா? எங்க மாமா போன வழிதான் எனக்கும்னு எழுதியிருக்கு. நீங்களே அம்பு போட்டு ஒட்டி வச்சிட்டீங்கல்லா."

பேரிடி என்று சொல்வார்களே, அது இதுதான். நான் எச்சரிக்கை என்று நினைத்து ஒட்டியதை அவள் தீர்ப்பு என்று படித்திருக்கிறாள். படித்தவளாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்குத் தோன்றியதைக் கேட்டேன்.

"உங்கம்மா இப்ப எப்பிடி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்காங்க."

"மாத்திரை?"

"ரெண்டு வருசம் சாப்ட்டாங்க. பெறகு டாக்டரே நிப்பாட்டிட்டாரு. சர்ச்சுல பாட்டுக் குழுவுல நிக்காங்க."

"அப்ப நல்லாயி எந்திரிச்சு நின்னதும் அதே ரத்தந்தான சாமி? மாமனோடதை மட்டும் எடுத்துக்கறே. அம்மாவோடதை ஏன் உட்டுட்டே?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அரை மணி நேரம் அழுதாள். நானும் அழுதேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

5. டாக்டரம்மா கேட்ட கேள்வி

ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு டாக்டரம்மா எங்கள் பக்கத்துக்காரர். அவசரமே படாமல் பேசினார். குடும்பத்தைப் பற்றி இரண்டு கேள்விதான் கேட்டார். அதற்குப் பிறகு, "போன ஆறு மாசத்துல என்னென்ன நடந்துச்சு கண்ணு? ஒண்ணு விடாம சொல்லு" என்றார்.

எஸ்தர் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாம்பிளிலிருந்து எடுத்தது. லைனில் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்தது. ஓவர் டைம். தூக்கம் வராதது. ஓலை நின்றது. அம்மா சர்ச்சில் தலை குனிந்து வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பட்டியலில் பாதிக்கு மேல் என் கைவேலை.

அன்று அவளை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஊருக்குச் சொல்லி அம்மாவை வரவழைத்தோம். அவள் வார்டுக்குப் போன பிறகு டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பத்தொன்பதாவது கேள்வி, அம்பு, போன் எல்லாம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"ரத்தத்துல வராதுன்னு சொல்ல மாட்டேனுங்க. வரும். அம்மாவுக்கு இருந்தா மகளுக்கு வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஆனா அம்மாவுக்கு இருந்தும் வராதவங்கதான் அதிகம். குடும்பத்துல ஒருத்தருக்கும் இல்லாம வர்றவங்களும் நெறைய. இதுக்குன்னு ஒரே ஒரு ஜீன் கெடையாதுங்க. எக்கச்சக்கமா இருக்கு, ஒவ்வொண்ணும் துளித்துளியாத்தான் வேலை செய்யும். ஒரு காலத்துல ஒரு ஜீனைக் காட்டி, இது இருக்கறவங்க கஷ்டம் வந்தா ஒடஞ்சிருவாங்கன்னு ரொம்ப நம்புனாங்க. பெரிய பெரிய ஆராய்ச்சி வெச்சுத் திரும்பப் பாத்தப்ப அது நிக்கல."

"அப்ப எதுனாலதானுங்க வருது?"

"சேந்து வருதுங்க. ஒரே கஷ்டத்தை பத்துப் பேர் பட்டா பத்துப் பேரும் ஒரே மாதிரி தாங்கறதில்ல. பொறப்புல வந்தது, சின்னதுல பட்டது, இப்பத் தலைமேல இருக்கற பாரம், பக்கத்துல ஆள் இருக்காங்களா இல்லியா. எது எவ்வளவுன்னு ஒரு ஆளுக்குப் பிரிச்சுச் சொல்ல ஆராலயும் முடியாது."

எனக்குத் தெரிந்த பாஷையில் கேட்டுப் பார்த்தேன். "நூல்ல முறுக்கு கூட இருந்தா, தொவைச்சப்புறம் டீ-சர்ட்டோட சைடு தையல் முன்னால திரும்பிக்குமுங்க. தொவைக்கற வரைக்கும் தெரியாது. பதமாத் தொவைச்சா அந்த நூல்லயும் திரும்பாது. அது மாதிரிங்களா?"

"கிட்டத்தட்ட" என்று சிரித்தார். "ஆனா நூலுக்கு உங்ககிட்ட டெஸ்ட் இருக்கு. ஆளுக்கு எங்ககிட்டயே இல்லீங்க. இல்லாத டெஸ்டை நீங்க பேப்பர்ல வெச்சிருக்கீங்க. பாரத்தைப் பாக்கறதை விட்டுட்டு, உங்க கம்பெனியில ஆளைப் போட்டுத் தொவைக்கற எடத்தைப் பாருங்க."

"போன்ல சொன்னது நாந்தான்னு எஸ்தர்கிட்ட இப்பவே சொல்லீரட்டுங்களா?"

"இப்ப வேண்டாம். உங்க மனசுப் பாரத்தை எறக்கறதுக்கு அவ தலையில ஏத்தாதீங்க. தெம்பு வரட்டும். அப்புறம் கட்டாயம் சொல்லுங்க."

மறுநாள் முதலாளியிடம் போனேன். மாஸ்டரின் இரண்டு லீவு லெட்டரையும் எடுத்துப் போய் மேஜையில் வைத்தேன்.

"அவரோட அப்பன் செத்தது முப்பது வருசத்துக்கு முன்னாலீங்க. இது போன தீவாளிக்கு முன்னால. ரெண்டுலயும் நம்ம கைக்கு எட்டுனது எதுங்க?"

அவர் லெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

"நூலைச் சொன்னனுங்களே" என்றார் மெதுவாக.

"நூலை மட்டும் சொன்னீங்க. நானும் ஆமாம்னேன்."

அந்தக் கேள்வியை எடுத்தோம். பதினோரு பைலிலும் அம்பைப் பிய்த்துவிட்டு, அந்தக் கேள்வி இல்லாமல் நானே பாரத்தை மாற்றி எழுதினேன். கல்யாண விசாரிப்புக்குப் பதில் சொல்வதில்லை என்று போனுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டினோம். தொடர்ந்து ஆறு நாள் வேலை பார்த்தவருக்கு ஏழாம் நாள் ஓவர் டைம் கிடையாது என்று நான் கேட்டதற்கு முதலாளி இரண்டு மாதம் முரண்டு பிடித்துவிட்டு ஒத்துக்கொண்டார். பிறகு வந்த ஷிப்மென்ட் நெருக்கடிகளில் அது நான்கு தடவை மீறப்பட்டது. நான்கு தடவையும் சண்டை போட்டேன். இரண்டில் ஜெயித்தேன்.

6. மீதிப் பாதி

எஸ்தர் இரண்டரை மாதம் கழித்து வந்தாள். சாம்பிள் மிஷினைப் பழனிசாமி தானே துடைத்து வைத்திருந்தார். முதல் வாரம் அரை நாள் வேலை. மாத்திரையை எல்லோர் முன்னாலும் எடுத்துப் போட்டுக்கொள்வாள். யாராவது உற்றுப் பார்த்தால், "என்ன பாக்குதீங்க? உங்க சுகர் மாத்திரை மாதிரித்தான்" என்பாள். காலர் வளைவு பழைய மாதிரி வந்துவிட்டது. என்னோடு நன்றாகப் பேசினாள். கதவைத் தட்டிக் காப்பாற்றியவள் என்று அவள் அம்மா ஊரிலிருந்து கருப்பட்டி கொடுத்தனுப்பினார். வாயில் வைக்க முடியவில்லை எனக்கு.

டாக்டரம்மா தலையசைத்த பிறகு, ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். இவ்வளவு நாள் தாங்கியவள் இதைக் கேட்டு மறுபடி விழுந்துவிட்டால்? சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று கடைசி நிமிஷம் வரை மனசு கெஞ்சியது.

"எஸ்தரு, உங்கம்மா கதையை மாப்பிள்ளை ஊட்டுக்குச் சொன்னது உங்க ஊர்க்காரங்க இல்ல. நாந்தான். அவங்க பெரியம்மா போன் பண்ணுனாங்க. பைலைப் பாத்துச் சொல்லீட்டேன்."

அவள் பிசைந்துகொண்டிருந்த சோற்றில் கை அப்படியே நின்றது. நான் மன்னிப்புக் கேட்டேன். என்னென்ன வார்த்தையில் கேட்டேன் என்று நினைவில்லை.

பிறகு பேசினாள். குரல் உயரவில்லை.

"எங்கம்மாட்ட இருந்து எனக்கு வந்தது பாதிதாங்க்கா. அத நான் கேட்டு வாங்கல, அவங்களும் வேணும்னு குடுக்கல. மீதிப் பாதிய யாரு குடுத்தாங்கன்னு இத்தன நாளா ஆண்டவர்ட்ட கேட்டுட்டே இருந்தேன்."

டிபன் பாக்ஸை மூடினாள். கை கழுவிவிட்டு மிஷினுக்குப் போனாள். சாயங்காலம் வரை நான் அந்த மிஷின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. திங்கட்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த திங்கட்கிழமையும் வந்தாள். இன்றைக்கும் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறாள். என்னைக் கண்டால் 'வணக்கம்க்கா' என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அது போதும் என்று சொன்னால் பொய்.

இப்படிப் பாதி பாதியாகப் பிரிக்க முடியாது என்று டாக்டரம்மா சொல்வார். அவர் படித்தது அவருக்குத் தெரியும். எஸ்தர் பட்டது எஸ்தருக்குத் தெரியும்.

எச்.ஆர். சீட்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எதிரே நிற்கும் ஆளின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நீங்கள் ஒரு சொட்டையும் மாற்றப் போவதில்லை. மீதியைக் கொடுக்கிற இடத்தில்தான் உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நான் அதில் உட்கார்ந்து ஒரு பெண்ணைச் சாவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். அவள் பிழைத்தது அவள் தெம்பு, அவள் அம்மாவின் தெம்பு, டாக்டரம்மாவின் மருந்து. அதில் என் பங்கு ஒரு கதவைத் தட்டியது மட்டும்.